பாக்கெட் நூடுல்ஸ் கடாயில் களியாகாமல் உதிரியாக வர என்ன வழி?

அடையார்_அனு
70 கிராம் மசாலா நூடுல்ஸ் பாக்கெட் ரெண்டு, கோஸ், கேரட், குடைமிளகாய், முட்டை. பாக்கெட் பின்னாடி போட்டிருக்கிற மாதிரி 2 நிமிஷம் வேகவெச்சு, வடிச்சு, காய் வதக்கின கடாயில போட்டா நாலு பிரட்டுலயே ஒட்டிக்கிட்டு உருண்டையா வருது. மசாலா தூவினா ஒரு இடத்துல கட்டியா நிக்குது, இன்னொரு இடம் வெளுத்துக் கிடக்குது, அடியும் பிடிக்குது. நான்ஸ்டிக் கடாய், சாதாரண கேஸ் அடுப்பு. ஹக்கா நூடுல்ஸ் வாங்கிக்கோங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. பாக்கெட்லயே, 20 நிமிஷத்துக்குள்ள முடியணும். எந்த இடத்துல கெடுது?

இரும்புச்சட்டி
கடாய்க்கு வருவதற்கு முன்பே கெட்டுவிடுகிறது.

பாக்கெட் நூடுல்ஸ் பச்சை மாவு இல்லை. மாவை இழையாக்கி, ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்து, ஈரத்தை விரட்டித்தான் அந்தக் கட்டி வருகிறது. 1958ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த முறை அடிப்படையில் இன்றும் அதேதான். பொரியும்போது ஈரம் ஆவியாகி வெளியேறிய இடமெல்லாம் பொடித்துளைகளாக நிற்கும். கொதிநீர் அவற்றுக்குள் சட்டென்று புகுவதால்தான் 2 நிமிடத்தில் வெந்த மாதிரி ஆகிறது. ஆனால் அந்த 2 நிமிடம், அப்படியே கிண்ணத்தில் ஊற்றிச் சாப்பிடுகிறவருக்கான கணக்கு. நீங்கள் அதற்குமேல் 2 நிமிடம் கடாயிலும் போடுகிறீர்கள்; காய் விடும் நீரும் சாஸும் அங்கே சேர்கின்றன. பிறகு களியாகாமல் என்ன செய்யும்?

2 பாக்கெட்டுக்கு நான் சொல்லும் அளவு: 1 லிட்டர் தண்ணீர், அதற்குக் குறையக் கூடாது. தளதளவென்று கொதித்த பிறகு கட்டியை உடைக்காமல் முழுசாகப் போடுங்கள். 40 விநாடியில் அடிப்பக்கம் இளகும், திருப்பிப் போடுங்கள். கரண்டியால் கிண்டாமல் முள்கரண்டியால் இழையைப் பிரித்துவிட்டால் போதும். மொத்தம் 75 முதல் 90 விநாடி. ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள்: கடித்த முனையின் நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். அது மறைந்துவிட்டால் வறுக்கும் கட்டம் தாண்டிவிட்டது, குழம்பாகவே சாப்பிட்டுவிடுவது நல்லது.

உடனே வடிதட்டில் கொட்டி, ஒன்றரை டம்ளர் குளிர்ந்த குடிநீர் ஊற்றி அலசுங்கள். இழையின் மேல் வழவழவென்று இருப்பது கரைந்த மாவுச்சத்து, பசை போல ஒட்டவைப்பது அதுதான். அலசினால் அது போகும், உள்ளே தொடரும் வேக்காடும் நிற்கும். நன்றாக உதறி, 1 டீஸ்பூன் எண்ணெய் பிசறி, அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் 7, 8 நிமிடம். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், ஐப்பசி கார்த்திகை மழையில் தட்டில் பரப்பினாலும் லேசில் காயாது. அந்த நாட்களில் தட்டை மூடாமல் ஃபிரிட்ஜில் 10 நிமிடம் வைத்துவிடுங்கள், அங்கே காற்று வறண்டது.

காய் நறுக்குவதை இந்த நேரத்தில் முடித்துக்கொண்டால் 20 நிமிடம் தாண்டாது.

இரும்புச்சட்டி
(தொடர்ச்சி, கடாய்ப் பகுதி)

2 பாக்கெட்டுக்கு எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன், நசுக்கிய பூண்டு 5 பல், நீளவாக்கில் அரிந்த வெங்காயம் 1, கேரட் பாதி, கோஸ் மெலிதாக அரிந்தது 1 கப், குடைமிளகாய் பாதி. இதற்கு மேல் காய் வேண்டாம். காய் நூடுல்ஸில் பாதிக்கு மேல் போனால் கடாயில் சூடு இறங்கி, வறுபடுவதற்குப் பதில் ஆவியில் வேகும்.

கேரட் முதலில், 1 நிமிடம். பிறகு வெங்காயம், கோஸ், கடைசியாகக் குடைமிளகாய். முழுத் தீயில் மொத்தம் இரண்டரை நிமிடம். உப்பு போடவே கூடாது: கோஸ் உப்பைக் கண்டால் நீர் விடும். மசாலாவிலும் சோயா சாஸிலும் நூடுல்ஸ் மாவிலுமே உப்பு இருக்கிறது.

மசாலாவைத் தூவாதீர்கள். அதில் மாவுப்பொருளும் சர்க்கரையும் மசாலாத்தூளும் கலந்திருக்கின்றன. சூடான கடாயில் விழுந்த இடத்திலேயே ஈரத்தை இழுத்துக் கட்டியாகும், சர்க்கரை கருகிக் கசக்கும். அடி பிடிப்பது இதனால்தான். 2 டீஸ்பூன் சோயா சாஸ், 1 டேபிள்ஸ்பூன் தண்ணீர், மசாலா பாக்கெட் ஒன்று (இரண்டும் வேண்டாம்), இவற்றைச் சின்னக் கிண்ணத்தில் குழைத்து வைத்துக்கொள்ளுங்கள். காய் தயாரானதும் நூடுல்ஸைப் போட்டு, 30 விநாடி அப்படியே விட்டு, பிறகு இந்தக் கலவையைக் கடாயின் ஓரமாக, உலோகத்தின் மேலேயே சுற்றி ஊற்றுங்கள். சுரீரென்று கொதித்துத் தண்ணீர் பறந்துவிடும், மணம் மட்டும் நூடுல்ஸில் ஏறும். இரண்டு கரண்டியால் கீழிருந்து தூக்கித் தூக்கிப் போட்டு 1 நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு அரை டீஸ்பூன் வினிகர், கால் டீஸ்பூன் வெள்ளை மிளகுத்தூள், வெங்காயத்தாள்.

வினிகர் ஏன் கடைசியில் என்றால், நூடுல்ஸ் மாவில் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரானது) உள்ள உப்பு சேர்த்திருப்பார்கள். அட்டையில் 500, 501 என்று எண் இருந்தால் அது சோடியம், பொட்டாசியம் கார்பனேட். இழைக்கு இழுவை தருவதில் அதற்குப் பங்கு உண்டு. புளிப்பு முன்னாலேயே ஏறி ஊறினால் அந்த இழுவை தளரும்.

கொளத்தூர்_கீதா
இரும்புச்சட்டி அண்ணா சொல்றது கடை ஸ்டைலுக்கு சரி. ஆனா பாக்கெட் நூடுல்ஸை வடிச்சு அலசறது எனக்கு உடன்பாடு இல்ல. அதுல இருக்கிற எண்ணெயும் உப்பும் கொஞ்சம் ஸிங்க்ல போயிடுது, அப்புறம் சோயா சாஸ் ஊத்தி ஈடு கட்டணும். ஒரே கடாயில, வடிக்காம வரும்.

1 பாக்கெட்டுக்கு சொல்றேன். 2 டீஸ்பூன் எண்ணெயில காயை வதக்கி ஒரு தட்டுல எடுத்து வெச்சிடுங்க. அதே கடாயில 130 மில்லி தண்ணி. சின்ன டீ டம்ளர்னா ஒண்ணேகால் வரும், ஒரு தடவை அளந்து வெச்சுக்கிட்டா போதும். கொதிச்சதும் மசாலாவை முழுசா தண்ணியில கரைச்சிடுங்க. கட்டியை போட்டு மூடி 45 விநாடி, திருப்பி போட்டு மூடி 45 விநாடி. மூடியை எடுத்தா அடியில ரெண்டு ஸ்பூன் தண்ணி நிக்கும். இப்போ தீயை ஏத்தி, பிரிச்சு விட்டு, காயை சேர்த்து, சத்தம் மாறுற வரைக்கும் பிரட்டணும். சலசலன்னு இருக்கிறது சடசடன்னு மாறும், அதுதான் தண்ணி தீர்ந்த அடையாளம். இன்னும் அரை நிமிஷம், அவ்வளவுதான்.

மசாலா ஒவ்வொரு இழையிலயும் பூசின மாதிரி நிக்கும். கட்டியா நிக்கிற பேச்சே இல்ல.

இரும்புச்சட்டி
ருசி விஷயத்தில் கீதா சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அனு கேட்டது உதிரியாக வர வேண்டும் என்று. வடிக்காத முறையில் மாவுச்சத்து முழுக்க உள்ளேயே இருக்கிறது, மசாலா பூசி நிற்பதே அதனால்தான். சூடாகச் சாப்பிட்டால் பளபளவென்று இருக்கும், 10 நிமிடம் ஆறினால் ஒரே அடையாகிவிடும். இன்னொன்று, அது 1 பாக்கெட்டுக்கு மட்டும்தான் சரிவரும். 2 கட்டியை 260 மில்லியில் போட்டால் ஒன்று நனைந்து மற்றொன்று தண்ணீருக்கு மேலே காய்ந்து நிற்கும்.

கொளத்தூர்_கீதா
ரெண்டு பாக்கெட்னா ரெண்டு தடவை பண்ணுங்க. ஒரு தடவைக்கு 5 நிமிஷம் கூட ஆகாது. உங்க முறையில காயவைக்கவே 8 நிமிஷம் :)

வண்ணாரப்பேட்டை_வேலு
ரெண்டு பேரும் அடுப்பைப் பத்தி பேசவே இல்ல. ஃபாஸ்ட் ஃபுட் கடையில நூடுல்ஸை மத்தியானமே முக்கால் வேக்காடு வெச்சு, எண்ணெய் தடவி, தட்டுல கொட்டி ஆறவெச்சிருப்பான். சாயங்காலம் ஆர்டர் வரும்போது அது சில்லுனு, உதிரியா இருக்கும். அடியில இருக்கிறது பெரிய பர்னர், வீட்டு அடுப்பு மாதிரி பல மடங்கு தீ. சட்டி இரும்பு. நூடுல்ஸ் போட்டாலும் சூடு இறங்காது. வீட்டு அடுப்புல ரெண்டு பாக்கெட் வெந்த நூடுல்ஸை ஒரே நேரத்துல கொட்டினா சூடு சட்டுனு விழுந்திடும், அப்புறம் தண்ணி வத்தவே வத்தாது.

அதனால வீட்ல ஒரு தடவைக்கு ஒரு பாக்கெட்தான். காயை மொத்தமா வதக்கி எடுத்து வெச்சுக்கலாம், நூடுல்ஸை ரெண்டு ஈடா போடணும். சட்டி நல்லா காயணும்: ஒரு சொட்டு தண்ணி விட்டா உருண்டு ஓடி மறையணும். அதுக்கு அப்புறம்தான் எண்ணெய்.

அனு மேடம், நான்ஸ்டிக்ல இதை செய்யாதீங்க. வெறும் நான்ஸ்டிக்கை முழுத் தீயில காயவெச்சா பூச்சு கெடும், 260 டிகிரிக்கு மேல போனா பூச்சே சிதைய ஆரம்பிக்கும். நல்லா பழகின இரும்பு தோசைக்கல் வீட்ல இருக்கும்ல, அதுல போடுங்க. அகலமா இருக்கிறதால ஆவி உடனே போயிடும். கொத்து பரோட்டா மாதிரி ரெண்டு தோசை கரண்டியால தூக்கி தூக்கி போடணும், கொத்தக் கூடாது. ஓரத்துல நாலு இழை மொறுமொறுன்னு சிவந்து வரும் பாருங்க, அது கடாயில வராது.

மேன்ஷன்_ரூம்_12
திருவல்லிக்கேணி மேன்ஷன்ல கேஸ் கிடையாது. கெட்டிலும் சின்ன இண்டக்‌ஷனும்தான். கெட்டில்லயே நூடுல்ஸ் வேகவெச்சா பொங்கி வழியுது. இதுல வறுக்க வழி இருக்கா ப்ரோ?

இரும்புச்சட்டி
கெட்டிலுக்குள் நூடுல்ஸ் போடவே கூடாது. மாவுச்சத்து கரைந்தால் நுரை அடங்காது, மூக்கு வழியாக வழிந்து அடியிலுள்ள மின்இணைப்பில் இறங்கும். கெட்டிலின் சூடேறும் தட்டின்மேல் படிந்த மாவு கருகினால் அந்த வாடை அடுத்த டீயிலும் வரும்.

தண்ணீரை மட்டும் கொதிக்கவிடுங்கள். மூடி இறுக்கமான எவர்சில்வர் டிபன் டப்பாவில் கட்டியைப் போட்டு, மூழ்கும் அளவு கொதிநீர் ஊற்றி மூடி, 2 நிமிடம். அடுப்பில் 75 விநாடி வேகும் அளவுக்கு இது சமம், ஏனென்றால் சூடு இறங்கிக்கொண்டே போகும். மூடியைச் சற்றே நகர்த்தி வடித்துவிடுங்கள், டப்பா சுடும், துணி பிடித்துக்கொள்ளுங்கள்.

இண்டக்‌ஷனில் குழிந்த கடாய் வேலைக்கு ஆகாது, அடி மட்டும்தான் சூடாகும். தட்டை அடியுள்ள, காந்தம் ஒட்டுகிற பாத்திரம் வேண்டும். சின்ன அடுப்பு 1200 வாட் இருந்தால் ஒரு பாக்கெட்டுக்குத் தாராளம். பாத்திரத்தைத் தூக்கிக் குலுக்காதீர்கள், தூக்கிய நேரமெல்லாம் சூடு நின்றுபோகும்.

அடையார்_அனு
தோசைக்கல் யோசனை நல்லா இருக்கு. ரெண்டு கேள்வி. முட்டையை எப்போ சேர்க்கணும்? மிச்சத்தை மறுநாள் காலையில பையனுக்கு டிபன் பாக்ஸ்ல வெக்கலாமா, மத்தியானம் வரைக்கும் உதிரியா நிக்குமா?

கொளத்தூர்_கீதா
முட்டை முதல்லயே. 2 முட்டையை அடிச்சு, 1 டீஸ்பூன் எண்ணெயில ஊத்தி, ஓரம் கெட்டியாகி நடுவுல இன்னும் ஈரம் இருக்கும்போதே பெருசு பெருசா கிளறி எடுத்து வெச்சிடணும். கடைசி அரை நிமிஷத்துல நூடுல்ஸோட சேர்த்தா மீதி வேக்காடு அங்க முடியும். நூடுல்ஸ் மேலயே பச்சை முட்டையை ஊத்தினா இழை முழுக்க ஈரமா பூசிக்கும், பொடி பொடியா உதிரும். பார்க்கவும் நல்லா இருக்காது.

டிபன் பாக்ஸுக்கு முந்தின நாள் மிச்சம் வேண்டாம், காலையில புதுசா செய்யுங்க. முட்டை போடாதீங்க, நம்ம வெயில்ல மூடின டப்பாவுல அஞ்சு மணி நேரம் இருக்கணும். பாக்ஸுக்கு மட்டும் நானும் அலசற கட்சிதான். வேக்காடு 1 நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது, டப்பாவுக்குள்ளயே மீதி ஊறிக்கும். டொமேட்டோ கெச்சப் கூடாது, ஒட்டறதுக்கு அதுவே போதும். முக்கியமானது, சூடா அடைச்சு மூடாதீங்க. மூடியில வேர்த்த தண்ணி திரும்ப நூடுல்ஸ்லதான் சொட்டும். தட்டுல கொட்டி ஆறின பிறகு அடைச்சா மத்தியானம் முள்கரண்டியில ஒரு தட்டு தட்டினா பிரியும்.

பழவந்தாங்கல்_பாலா
எல்லா பாக்கெட்டுக்கும் ஒரே நேரம் செல்லாது. வாங்கும்போதே நூடுல்ஸ் கட்டியின் பொருள் பட்டியலைப் பாருங்கள். பாமாயில் என்று இருந்தால் பொரித்தது, மேலே சொன்ன கணக்கு பொருந்தும். எண்ணெயே இல்லையென்றால் காற்றில் உலர்த்தியது. கடைகளில் வரும் சிறுதானிய நூடுல்ஸில் இந்த வகை நிறைய. அதற்குத் துளை கிடையாது, 4, 5 நிமிடம் வேக வேண்டும். 75 விநாடியில் எடுத்தால் நடுவில் பச்சை மாவாகவே இருக்கும்.

ஆட்டா நூடுல்ஸ் சுலபமாக உடையும், தவிடு இருப்பதால் இழைக்குப் பிடிப்பு குறைவு. அதைத் தோசைக்கல்லில் தூக்கிப்போட்டால் சேமியா உப்புமா மாதிரிதான் வரும். கீதா சொன்ன முறை அதற்குத்தான் பொருத்தம்.

வாய் வாய் (Wai Wai) என்ற பிராண்டு நூடுல்ஸ் வேறு கதை. கட்டியிலேயே மசாலா ஏற்றிப் பொரித்திருப்பதால் வேகவைத்து வடித்தால் ருசி தண்ணீரோடு போய்விடும். கொதிநீர் ஊற்றி 1 நிமிடத்தில் வடித்துவிடுங்கள், அலச வேண்டாம். உள்ளே இருக்கும் எண்ணெய் பொட்டலத்தைத் தாளிக்கவே பயன்படுத்தலாம்.

கொரியன் புல்டாக் பாக்கெட்டுக்கு அட்டையில் உள்ளபடியே போங்கள்: தடிமனான இழை, 5 நிமிடம் வேகவைத்து, 8 ஸ்பூன் தண்ணீர் நிறுத்தி, சாஸ் ஊற்றி 30 விநாடி வறுப்பது. அதை உலர்த்த முயன்றால் சாஸ் பூசாது. நம் ஊர் நாக்குக்கும் அந்தச் சாஸ் முழுப் பொட்டலம் அதிகம், பாதியில் ஆரம்பிக்கலாம்.

அடையார்_அனு
அஜினமோட்டோ தேவையா?

பழவந்தாங்கல்_பாலா
வேண்டியதில்லை. மசாலாவிலும் சோயா சாஸிலும் அந்தச் சுவை ஏற்கெனவே இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை_வேலு
பாக்கெட் நூடுல்ஸ்ல அத்தோவும் வரும், யாரும் சொல்லல. பீச் ஸ்டேஷன் எதிர்ல செகண்ட் லைன் பீச் கடைங்கள்ல தருவாங்களே, 1960கள்ல பர்மாவுல இருந்து திரும்பினவங்க கொண்டுவந்தது, அந்த அத்தோ. அதுல வறுக்கிற வேலையே இல்ல, கையால பிசையறது. அலசி ஆறவெச்ச நூடுல்ஸ் 1 பாக்கெட், முடி மாதிரி அரிஞ்ச கோஸ் ஒரு கைப்பிடி, பச்சை வெங்காயம், கெட்டிப் புளித்தண்ணி 1 டேபிள்ஸ்பூன், வரமிளகாய்த் தூள் அரை டீஸ்பூன், உப்பு, கொத்தமல்லி. மசாலா பாக்கெட் வேண்டாம்.

உயிர் பூண்டு எண்ணெய்தான். 3 டேபிள்ஸ்பூன் கடலை எண்ணெய் சூடாகறதுக்கு முன்னாடியே மெல்லிசா சீவின 10 பல் பூண்டைப் போட்டு சிம்ல வெக்கணும். லேசா பொன்னிறம் தட்டும்போதே வடிச்சிடணும். சிவக்கட்டும்னு நின்னா அடுப்பை அணைச்சப்புறமும் எண்ணெய் சூட்டுல கருகி கசந்திடும். மேல நொறுக்கிப் போடற மொறுமொறு பேஜோவுக்கு பதிலா தட்டையை நொறுக்கிப் போடலாம். வாழைத்தண்டு சூப்புக்கு ஈடு கிடையாது, அது அங்கதான்.

மட்டுறுத்துநர்
அத்தோவுக்குத் தனித் திரி தொடங்கலாம், வேலு. பேஜோவுக்குத் தட்டை போடலாமா என்று இங்கேயே சண்டை வரப்போகிறது.

மேன்ஷன்_ரூம்_12
வரட்டும். ரூம்ல அடுப்பில்லாம செய்ற மாதிரி இருக்கிறது அது ஒண்ணுதான். பூண்டு எண்ணெய் மட்டும் மொத்தமா செஞ்சு வெச்சா எத்தனை நாள் வெளியே தாங்கும்?

பழவந்தாங்கல்_பாலா
வெளியே வைக்காதீர்கள். பூண்டும் எண்ணெயும் சேர்ந்து அறைச் சூட்டில் இருந்தால், காற்றுப் புகாத அந்த இடத்தில் பாட்டுலிசம் என்ற கடுமையான உணவு நச்சு நோயை விளைவிக்கும் கிருமி வளரக்கூடும், வாடையிலோ நிறத்திலோ தெரியாது. பூண்டை வடித்தெடுத்தாலும் ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாத ரூமில் அன்றைக்கு வேண்டியதை மட்டும், 3 பல் பூண்டு, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய் என்று இண்டக்‌ஷனில் குறைந்த சூட்டில் செய்துகொள்ளுங்கள்.

அடையார்_அனு
இரும்பு தோசைக்கல்லில் சோயா சாஸ் ஊத்தினா மறுநாள் தோசை ஒட்டுமே?

வண்ணாரப்பேட்டை_வேலு
ஒட்டும். சாஸும் வினிகரும் பழக்கின எண்ணெய்ப் படலத்தை அரிக்கும். அதனால வினிகரை தட்டுல எடுத்தப்புறம் மேல தெளிங்க, கல்லுல வேண்டாம். முடிஞ்சதும் கல் சூடா இருக்கும்போதே அரை டம்ளர் வெந்நீர் ஊத்தி தோசை கரண்டியால சுரண்டி வழிச்சிடுங்க, சோப்பு போடாதீங்க. ஈரம் போக அடுப்புல காயவெச்சு, நல்லெண்ணெய் 4 சொட்டு விட்டு, பாதி வெங்காயத்தால தேய்ச்சு வெச்சிடுங்க. காலையில முதல் தோசையை மட்டும் கொஞ்சம் தடிமனா, எண்ணெய் தூக்கலா ஊத்துங்க.